கல்யாண மண்டபச் சிறையில் ஒரு இலை ஜாஸ்தி

கேள்வி கேட்கிற வேலையில் ஒரே ஒரு சங்கடம்தான்: சில பேர் உண்மையிலேயே பதில் சொல்லிவிடுகிறார்கள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட், மலேரியா மருந்து என்று எதற்காகவாவது படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர் நீங்கள் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் ஒரே பாவத்தைச் செய்தவர்கள்.

நான் அலைந்தது தெருவில் இல்லை, ஜெயிலில். அதுவும் தனியார் நடத்திய ஜெயில். இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் செய்த அந்த வாரத்தில் ஊரிலிருந்த கிளைச் சிறை நிரம்பிவிட்டது. மிச்சம் பேரைக் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுவந்து அடைத்தார்கள். போலீஸ்காரர்கள் பாதிப் பேர் ரோட்டில் மரம் இழுத்துக்கொண்டிருந்ததால், சோறு, தண்ணீர், படுக்கை, பெருக்குவது, கேட்டுக் காவல் எல்லாவற்றையும் மண்டபத்துக்காரரிடமே விட்டார்கள். இப்படித் தனியாரிடம் விட்டால் ஒழுங்காக நடக்குமா என்று மதிப்பிட மெட்ராஸிலிருந்து ஒரு சார் வந்தார். பெண் கைதிகளிடம் கேட்க ஒரு பெண் வேண்டும், கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்றார். லாரி வராததால் மூட்டை தூக்க வழியில்லாமல் அப்பாவும், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதால் நானும் கருணாபுரத்தில் சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர் என்னை அனுப்பிவைத்தார். எனக்கு வயது பதினேழு. பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள், கேட்டால் சொல்லிவிடுவேன்.

சில நாள்தான் வேலை. அதில் ஒரு மனுஷன் தன் சாமைக் காட்டுக்கு அறுப்புக்குள் போய்ச் சேருவாரா மாட்டாரா என்கிற விஷயம் என் படிவத்தில் வந்து மாட்டிக்கொண்டது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் வழியில் பார்த்தது.

கழிப்பிட வசதி

மண்டபத்து மேனேஜர் நல்ல மனுஷர். ஆனால் இருபது வருஷமாகக் கல்யாண வீட்டுக்காரர்களிடம் மட்டுமே பேசிப் பழகியவர். வாசலில் சீரியல் பல்பு மாட்டிய ‘நல்வரவு’ பலகையைக்கூட அவர் கழற்றவில்லை. அதற்குக் கீழே துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காற்றோட்டம் எப்படி என்று கேட்டேன். "ஒரே நாள்ல ரெண்டு முகூர்த்தம் நடந்திருக்கு, ஒருத்தர்கூட மயக்கம் போடல" என்றார். தண்ணீர்? "பன்னீர் தெளிக்கிறதுக்கா, குடிக்கிறதுக்கா?"

கழிப்பிடம் எத்தனை என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு நாலு, பெண் வீட்டுக்கு மூன்று என்றார். கைதிகளுக்கு எத்தனை என்று எழுத வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள் என்றேன். எனக்குப் பொறுமை கம்மி. அவர் தலையைச் சொறிந்தார், மேலே ஃபேனைப் பார்த்தார், அப்புறம் தீர்மானமாகச் சொன்னார்: "கைதிங்கள மாப்ள வூட்டுக்காரங்கன்னு எழுதிக்கம்மா. வந்ததுலேந்து அவங்கதான் எதுனா கொற சொல்லிக்கினே இருக்காங்க."

தூண் ஓரம் நின்றவர்

காலையில் ஏட்டு நோட்டைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக "உள்ளேன் ஐயா" சொல்லி ஜமுக்காளத்தில் உட்கார வேண்டும். மொத்தம் நூற்று நாற்பத்தாறு பேர். கடைசிப் பேர் முடிந்து நோட்டை மூடிய பிறகும் ஒருவர் மட்டும் தூண் ஓரம் நின்றுகொண்டே இருந்தார். ஏட்டு அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். நான் போய்க் கேட்டேன். பேர் சின்னாண்டி, வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர். சாமைக் கதிர் அறுக்கிற சின்னக் கருக்கரிவாளுக்குப் பல் வெட்ட மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். பட்டறையில் வேலை முடிந்து திரும்பும்போது பஸ் ஓடவில்லை. நடந்தார். கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு புளியமரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அதைத் தாண்டிக்கொண்டிருந்தபோது போலீஸ் லாரி வந்தது. மரம் விழுந்து கிடக்கிறது, பக்கத்தில் அரிவாளோடு ஒரு ஆள் நிற்கிறார். ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் அவர் பேரை யாரும் எழுதவில்லை. ஏட்டு அவரைச் சமையல் கோஷ்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார். சமையல்காரர்கள் அவரைக் கைதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக் கேட்டுக்காரருக்கோ, நோட்டில் பேரை அடித்தால்தான் யாரையும் வெளியே விடலாம் என்று உத்தரவு. பேரே இல்லாதவருக்கு எதை அடிப்பது? காட்டில் சாமை முற்றிச் சாய்ந்துகொண்டிருக்கிறது, பன்றி இறங்குகிற நேரம், வீட்டில் பெண்சாதியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் மட்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் மறுபடி ஏட்டு நின்ற பக்கமே பார்த்தார். "பேரு கூப்புட்டா போயிடலாம்னு சொன்னாங்க பாப்பா. அஞ்சு நாளா காத தீட்டிக்கினு நிக்கிறேன்."

மணமகள் அறை

மாடியில் மணமகள் அறையில் பதினோரு பெண்கள். பாதிச் சுவர் கண்ணாடி. அங்கே தலைவி மாதிரி இருந்தவர் பச்சையம்மா, எலவனாசூர்கோட்டைப் பக்கம் கரும்புக் காட்டுக்காரர். நான் படிவத்தைப் பிரிக்கும் முன்பே, "நீ இன்னா ஆளுங்க?" என்று கேட்டார். இந்தப் படிவத்தில் நான் கேட்கிற கேள்விதான் இருக்கிறது, நீங்கள் கேட்கிற கேள்வி இல்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அவரே சிரித்துவிட்டார். "ஒனக்கு வாய் ஜாஸ்திடி. ஒக்காரு" என்று பாயில் இடம் விட்டார். சாப்பாடு எப்படி என்ற கேள்விக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் இந்த வாரம்தான் உட்கார்ந்த இடத்தில் சூடாகச் சாப்பிடுகிறாராம், யாரும் நடுவில் எழுந்து மோர் எடுத்து வா என்று சொல்லவில்லையாம். சார் அதற்கு ‘மிக நன்று’ கட்டத்தில் டிக் அடித்தார். எனக்கு அது வேறு எதற்கோ விழ வேண்டிய டிக் மாதிரி இருந்தது.

சின்னாண்டி பேர் ஏன் விட்டுப்போனது என்பதும் அங்கேதான் விளங்கியது. மறியலுக்குப் போகும்போதே யார் யார் கைதாகப் போகிறார்கள் என்று ஊர்வாரியாகப் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். ஸ்டேஷனில் அதை நீட்டினார்கள். போலீஸ் அலுப்பில் அதையே பார்த்து நோட்டில் இறக்கிவிட்டது. பட்டியலை எழுதியது பச்சையம்மாவின் வீட்டுக்காரர். மலைக்காரர் ஒருவரையும் சேர்த்து எழுதியிருக்கலாமே, இப்போது பாருங்கள் அவர் கதியை என்றேன். பச்சையம்மா கையை விரித்தார். "அதெப்புடிம்மா? நாங்க அடி ஒத வாங்கி ஜெயிலுக்கு வந்துகினு இருக்கோம். ரோட்ல போறவன் பேரெல்லாம் எழுதிட்டா, நாளைக்கு அவனும் நான்தான் தியாகின்னு வந்து நிக்கமாட்டான்?"

பாதுகாப்பு ஏற்பாடுகள்

பாதுகாப்பு பற்றி மட்டும் ஒன்பது கேள்விகள். கதவுகள் பலமானவையா? பலமானவை, தேக்கு. பூட்டும் வசதி உண்டா? உண்டு. எந்தப் பக்கம் என்று படிவத்தில் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கல்யாண மண்டபத்து அறைகளுக்கு எங்கேயாவது வெளியில் தாழ்ப்பாள் வைப்பார்களா? எல்லாம் உள்பக்கம். மத்தியானம் சாப்பிட்டதும் கைதிகள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிவிடுவார்கள். நாலு மணிக்கு டீ வந்தால்தான் திறப்பார்கள்.

ஏட்டிடம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மூணு மணிக்கு எண்ணிக்கை எடுக்கணும். நானும் தட்டிக்கினேதான் நிக்கிறேன். உள்ளேந்து, ‘அப்பறம் வாங்க ஏட்டய்யா, தூங்கிக்கினு இருக்கோம்’னு மரியாதையா சொல்றாங்கம்மா."

நூற்று நாற்பத்தேழு

சமையல் மாஸ்டர் தலை எண்ணுகிற ஜாதி இல்லை, இலை எண்ணுகிறவர். கல்யாணத்தில் அதுதான் வழக்கம். பந்தி முடிந்ததும் எச்சில் இலையைத் தொட்டிக்குப் போகும் முன் எண்ணுவார். ஒரு இலை பிசகினாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஆறு நாளும் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார், எல்லா வேளைக்கும் 147. போலீஸ் நோட்டில் 146. சார் முதன்முறையாக உற்சாகமானார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தனியார் நிர்வாகத்தில் கசிவு என்றால் இதுதான், ‘விரயம்: வேளைக்கு ஓர் இலை’ என்று எழுது என்றார்.

நான் எழுதவில்லை. அது விரயம் இல்லை சார், சின்னாண்டி சார், அதோ தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், போய்ப் பேசிப் பாருங்கள் என்றேன். சார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அதை நான் மறுக்க மாட்டேன். பார்த்துவிட்டுப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "இந்தக் கட்டத்துல நம்பர்தான்மா போட முடியும். முழு ஆளை எங்க போடுவே?"

பேர் எழுதினால்

சாரை விட்டுவிட்டு ஏட்டிடம் போனேன். நோட்டில் இல்லாத ஒரு ஆளை ஆறு நாளாக அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னதும் அவருக்கு வியர்த்துவிட்டது. கெட்டவர் இல்லை, பயந்தவர். சட்டென்று வழி கண்டுபிடித்தார். இன்றைக்கே பேரைச் சேர்த்துவிடலாம். சேர்த்தால் எல்லோரையும் விடும்போது விடுவீர்களா என்று கேட்டேன். அது எப்படி, மற்றவர்களுக்குக் கைதான தேதி போன வாரம், இவருக்கு இன்றைக்குத்தானே, பதினைந்து நாள் காவல் இன்றிலிருந்துதான் ஆரம்பம் என்றார். அரிவாளோடு பிடித்ததால் மரம் வெட்டிய கேஸும் உண்டாம். பதினைந்து நாள் கழித்துப் போனால் காட்டில் தாள்தான் நிற்கும்.

சேர்த்தால் கைதி, சேர்க்காவிட்டால் கதவு திறக்காது. நோட்டைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாமா என்று எனக்கு வந்தது. சின்னாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மரம் வெட்டிய கேஸ் என்றதும்தான் வாயைத் திறந்தார். அந்தக் கருக்கரிவாள் இப்போது சமையல்கட்டில் வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கை நீட்டிக் காட்டினார். "அத வெச்சிக்கினு அந்தப் புளியமரத்த வெட்டணும்னா, ஐயா, நான் போன வருசமே ஆரம்பிச்சிருக்கணுங்க."

கடைசிப் பந்தி

ஏழாவது நாள் மத்தியானம் நேராகப் பந்திக்கே போனேன். சார், ஏட்டு, மேனேஜர், மாஸ்டர் நாலு பேரும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான். சின்னாண்டி கடைசி வரிசையில் ரசத்துக்குக் காத்திருந்தார். படிவத்தைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டேன். ஏட்டய்யா, இவர் உங்கள் கைதியா? நோட்டில் இல்லையே என்றார். மாஸ்டர், இவர் உங்கள் ஆளா? நம்ம கோஷ்டியில் பத்துப் பேர்தான், இவர் இல்லை என்றார். அப்படியானால் தினமும் மூன்று வேளை இங்கே சாப்பிடுகிற இவர் யார்? கைதி என்றால், பேர் எழுதாமல் ஏழு நாள் அடைத்ததாக எழுதி, சார் கையெழுத்தோடு மேலே அனுப்பிவிடுவேன். கைதி இல்லை என்றால் யார் என்று இப்போதே சொல்லுங்கள், நான் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகணும் என்றேன். சாம்பார் வாளிக்காரர்கூட நின்றுவிட்டார்.

ஏட்டு மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர் சாரைப் பார்த்தார். மேனேஜர் மட்டும் சின்னாண்டியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர் முகம் தெளிந்தது. "அட, இதுக்குப் போயா மண்டய ஒடச்சிக்கிறீங்க? எல்லாக் கல்யாணத்துலயும் இந்த மாதிரி ஒருத்தரு இருப்பாருங்க. பொண்ணு வூட்டுக்காரங்க மாப்ள வூட்டு ஆளுன்னு நெனப்பாங்க, மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு வூட்டு ஆளுன்னு நெனப்பாங்க. யாருன்னு கேக்கறது மண்டபத்துக்கு மரியாத இல்ல. சாப்ட வெச்சி அனுப்பறதுதான் வழக்கம்" என்றார். மாஸ்டர் கரண்டியைத் தூக்கினார்: "இலையில ஒக்காந்துட்டாரு, அவ்ளோதான். விருந்தாளி." அவ்வளவுதான், மேனேஜருக்கு உயிர் வந்துவிட்டது. இந்த ஒரு வாரத்தில் அவருக்குத் தெரிந்த வேலை இப்போதுதான் வந்திருக்கிறது. சின்னாண்டியைப் பாயசம் வரைக்கும் சாப்பிட வைத்தார். பழைய முகூர்த்தத்தில் மிஞ்சிய மஞ்சள் பை ஒன்றில் வெற்றிலை பாக்கு, தேங்காய் போட்டுக் கொடுத்தார். கருக்கரிவாளை மாஸ்டர் வாழைச் சருகில் சுற்றி நீட்டினார். வாசல் வரைக்கும் மேனேஜரே கும்பிட்டபடி கூட வந்தார். ஏட்டு அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த காலண்டரில் எதையோ தேட ஆரம்பித்தார். அதைப் பார்த்துவிட்டு வாசலில் இருந்த துப்பாக்கிப் போலீஸ்காரரும் ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். கேட்டுக்காரர் பேரும் கேட்கவில்லை, நோட்டும் கேட்கவில்லை. தாம்பூலப் பையோடு வருகிற ஆளுக்குக் கதவைத் திறந்துவிட்டே பழகிய கை அவருடையது. தானாகத் திறந்தது.

நான் ஸ்கேல் வைத்துப் படிவத்தில் ‘விருந்தினர்’ என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு, அதில் ஒன்று என்று எழுதினேன். சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கச் சொல்லுவார் என்று நினைத்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நான் கேட்டுக்கு ஓடினேன். வெள்ளிமலைக்கு மறுபடி ஜீப் ஓட ஆரம்பித்திருந்தது. இரண்டு மணி ஜீப்பைப் பிடிக்க வேண்டிய சின்னாண்டி இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டு, மஞ்சள் பைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுங்க அண்ணா, ஜீப் போய்விடும் என்று கத்தினேன். ஓட ஆரம்பித்தவர் நாலு தப்படியில் நின்று திரும்பினார். "பாப்பா, வூட்டுல கேப்பாங்க. யாருக்குக் கல்யாணம்னு சொல்லட்டும்?"

ஜீப் டிரைவரிடம் பிற்பாடு விசாரித்தேன். மறுநாள் விடியும்போதே அறுப்பில் இறங்கிவிட்டாராம், பன்றி தின்றது ஒரு மூலைதானாம்.

அந்தச் சில நாள் மதிப்பிட்டதில் நான் கண்டது இவ்வளவுதான்: அரசாங்கம் நடத்தினால் என்ன, தனியார் நடத்தினால் என்ன, ஜெயிலுக்குள் போக ஒரு மனுஷனுக்குப் பேர்கூட வேண்டாம், வெளியே வரத்தான் ஒரு தாம்பூலப் பை வேண்டியிருக்கிறது.